தன் பூட்டில் தானே சிக்கும் டிரைவர்: கெர்னல் டெட்லாக்கும் அதன் திருத்தமும்

லினக்ஸ் சர்வர் ஒன்றில் ஒரு புரோகிராம் அப்படியே நின்றுவிடுகிறது. கில் கட்டளையில் 9ஆம் சிக்னல் கொடுத்தாலும் சாவதில்லை. புராசஸ் பட்டியலில் அதன் நிலை 'டி' என்று காட்டுகிறது. சிக்னலால் எழுப்ப முடியாத தூக்கத்தில் இருக்கிறது என்று பொருள். இரண்டு நிமிடம் போனதும், இந்தப் பணி 120 விநாடிக்கு மேல் தடைபட்டு நிற்கிறது என்று கெர்னல் லாகில் ஒரு வரி விழுகிறது. அதற்குள் அந்தச் சாதனத்தைத் தொட்ட மற்ற புரோகிராம்களும் ஒவ்வொன்றாக அதே வரிசையில் போய் நின்றுவிடுகின்றன. ரீபூட் கட்டளையும் பாதியில் தொங்கிவிடலாம். கடைசியில் பவர் பட்டனை அழுத்துவது ஒன்றே வழி. டிஸ்க்குக்கு இன்னும் போய்ச் சேராத தரவு அதோடு அழிந்துவிடும்.

லாகில் விழுந்த ஸ்டாக் டிரேஸைக் கீழிருந்து மேலாகப் படித்தால் காரணம் தெரியும். டிரைவரின் ஒரு ஃபங்ஷன் பூட்டை எடுத்திருக்கிறது. அது இன்னொரு ஃபங்ஷனை அழைக்க, அது மூன்றாவதை அழைக்க, மூன்றாவது அதே பூட்டைக் கேட்டு நிற்கிறது. பூட்டை வைத்திருப்பதும் அதற்காகக் காத்திருப்பதும் ஒரே த்ரெட். வெளியார் யாருக்கும் இதில் பங்கில்லை. டிரைவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட முட்டுக்கட்டை இது.

இந்த வகை டெட்லாக் எந்தெந்த வழிகளில் உண்டாகிறது, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எந்தத் திருத்தம் நிலைக்கிறது என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழையின் வேர் பூட்டுப் போட்ட வரியில் கிடையாது. 'என்னை அழைப்பவர் கையில் எந்தப் பூட்டு இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது' என்பதை ஃபங்ஷன் சொல்லாமல் விட்டதுதான் வேர். அந்த ஒப்பந்தத்தை வெளிப்படையாக எழுதிவைக்கும் திருத்தம் நிலைக்கும். அதை மூடி மறைக்கும் திருத்தம், பிழையை இன்னும் தேடக் கடினமான இடத்துக்குத் தள்ளிவிடும்.

ஒருவரே நிற்கும் வட்டம்

டெட்லாக் பற்றிய அடிப்படைக் கட்டுரையை 1971இல் எட்வர்ட் கோஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி ஆகிய மூவரும் எழுதினார்கள். நான்கு நிபந்தனைகள் சேர்ந்தால்தான் டெட்லாக் உண்டாகும் என்று அவர்கள் வகுத்தார்கள். ஒரு வளத்தை ஒரு நேரத்தில் ஒருவரே வைத்திருக்கலாம். ஒன்றை வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருக்கலாம். வைத்திருப்பவரிடமிருந்து அதைப் பிடுங்க முடியாது. காத்திருப்பவர்கள் ஒரு வட்டமாக அமைய வேண்டும். பாடப்புத்தகங்கள் இந்த வட்டத்தில் இருவரையோ ஐவரையோ நிறுத்திக் காட்டும். டிரைவர் எழுதுகிறவர்கள் அடிக்கடி சந்திப்பதோ ஒருவர் மட்டுமே நிற்கும் வட்டம்.

டிரைவரில் இது மிகுதியாக நேர்வதற்குக் காரணம் அதன் இருப்பிடம். சாதாரண புரோகிராம் மேலிருந்து கீழாக ஓடுகிறது. டிரைவரையோ பல பக்கத்திலிருந்து அழைக்கிறார்கள். பயனரின் ரீட், ரைட், ஐஆக்டில் அழைப்புகள் ஒரு பக்கம். ஹார்டுவேர் எழுப்பும் இன்டரப்ட் ஒரு பக்கம். டைமர், வொர்க்க்யூ, மின்சேமிப்பு, கேபிளைப் பிடுங்கும்போது வரும் டிஸ்கனெக்ட் என்று மற்ற பக்கங்கள். இவற்றில் எது எந்தப் பூட்டை ஏற்கெனவே எடுத்துக்கொண்டு வருகிறது என்பது டிரைவர் நிரலைப் பார்த்தால் தெரியாது. அழைக்கும் அடுக்கின் நிரலைப் படித்தால்தான் தெரியும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டாசன் எங்லரின் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வு, சில வகைப் பிழைகள் கெர்னலின் மற்றப் பகுதிகளைவிட டிரைவர்களில் 3 முதல் 7 மடங்கு வரை அதிகம் என்று காட்டியது. டிரைவர் எழுதுகிறவர்களின் திறமைக்குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் நிற்கும் சந்தியில் வண்டிகள் அதிகம்.

நான்கு வழிகள்

முதல் வழி, ஒரே பூட்டை நேரடியாக இருமுறை எடுப்பது. மேலே சொன்ன ஸ்டாக் டிரேஸ் இதுதான். இதன் உடன்பிறப்பு, பிழை நேர்ந்து நடுவில் திரும்பும்போது பூட்டை விட மறப்பது. மறந்த கணத்தில் எதுவும் நடக்காது. அடுத்து யார் வந்து பூட்டைக் கேட்கிறாரோ அவர்தான் உறைவார். அதனால் டிரேஸில் குற்றவாளி இருக்கவே மாட்டார்.

இரண்டாவது, இன்டரப்ட். ஒரு சிபியுவில் டிரைவர் ஸ்பின்லாக்கை எடுத்திருக்கிறது. அந்த நேரத்தில் அதே சிபியுவில் இன்டரப்ட் வருகிறது. ஹேண்ட்லர் அதே ஸ்பின்லாக்கைக் கேட்டுச் சுழல ஆரம்பிக்கிறது. பூட்டை விட வேண்டிய நிரல் ஹேண்ட்லருக்கு அடியில் கிடக்கிறது. ஹேண்ட்லர் முடிந்தால்தான் அது ஓடும். அது ஓடினால்தான் ஹேண்ட்லர் முடியும். இன்டரப்ட் வேறொரு சிபியுவில் வந்திருந்தால் சில மைக்ரோவிநாடி காத்திருந்து பிழைத்திருக்கும். ஆயிரம் முறை ஓடி ஆயிரத்து ஒன்றாவது முறை இயந்திரத்தை உறையவைக்கும் பிழை இப்படித்தான் பிறக்கிறது. பூட்டை எடுக்கும்போதே அந்த சிபியுவில் இன்டரப்டை நிறுத்திவைக்கும் 'ஐஆர்க்யூசேவ்' வகையைப் பயன்படுத்துவதே இதற்கான மருந்து.

மூன்றாவதில் பூட்டு என்ற ஒன்றே கண்ணில் படாது. தான் முடியும்வரை தானே காத்திருப்பது இந்த வகை. லினக்ஸில் 'சிங்க்' என்று முடியும் ஃபங்ஷன்கள் பலவும் 'ஓடிக்கொண்டிருப்பது முடியும்வரை நான் திரும்ப மாட்டேன்' என்று உறுதி சொல்பவை. டைமரின் கால்பேக்குக்குள்ளிருந்தே அந்த டைமரை 'சிங்க்' முறையில் நிறுத்தச் சொன்னால், கால்பேக் முடிய அது காத்திருக்கும். அது திரும்ப கால்பேக் காத்திருக்கும். இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் 'டிஸேபிள் ஐஆர்க்யூ' அழைப்பதும், யுஎஸ்பி கோரிக்கை முடிந்ததும் ஓடும் ஃபங்ஷனுக்குள் 'யுஎஸ்பி கில் யுஆர்பி' அழைப்பதும் இதே கதை. இவற்றுக்கெல்லாம் காத்திருக்காத இணை உண்டு: முன்னதற்கு 'டிஸேபிள் ஐஆர்க்யூ நோசிங்க்', பின்னதற்கு 'யுஎஸ்பி அன்லிங்க் யுஆர்பி'. நெட்வொர்க் டிரைவர்களில் இன்னொரு பழக்கமான வடிவம் இருக்கிறது. இடைமுகத்தை மூடும் ஃபங்ஷனை கெர்னல் ஆர்டிஎன்எல் என்ற பொதுப் பூட்டோடு அழைக்கிறது. அங்கே டிரைவர், தன் ரீசெட் வேலை முடியட்டும் என்று காத்திருக்கிறது. அந்த ரீசெட் வேலையின் முதல் வரியோ ஆர்டிஎன்எல் பூட்டைக் கேட்கிறது.

நான்காவது மிகவும் நயவஞ்சகமானது. டிரைவர் வேறொரு அடுக்கை அழைக்கிறது. அந்த அடுக்கு சுற்றிக்கொண்டு வந்து டிரைவரின் கதவையே தட்டுகிறது. டிஸ்க் டிரைவர் பூட்டைப் பிடித்துக்கொண்டு நினைவகம் கேட்கிறது என்று வையுங்கள். நினைவகம் தட்டுப்பாடாக இருந்தால் கெர்னல் பழைய பக்கங்களை டிஸ்க்கில் எழுதி இடம் பிடிக்கப் பார்க்கும். எந்த டிஸ்க்? நினைவகம் கேட்டு நிற்கும் அதே டிஸ்க்காகவும் இருக்கலாம். யுஎஸ்பி டிஸ்க்கை ரீசெட் செய்யும் பாதையில் இதைத் தவிர்க்கவென்றே, 'இந்தப் பகுதி முடியும்வரை நினைவகத்துக்காக ஐ/ஓ தொடங்காதே' என்று ஒரு த்ரெட்டுக்கு அடையாளமிடும் வசதி 2013இல் லினக்ஸில் சேர்ந்தது.

அதே 2013 ஜனவரியில் வந்த இன்னொரு வழக்கு இந்த நான்காம் வகைக்குச் சரியான எடுத்துக்காட்டு. டிஸ்க்குகளைத் தேடும் வேலையை கெர்னல் பின்னணியில் தனிப் பணியாக ஓட்டுகிறது. அந்தப் பணி, டிஸ்க்குக்கான ஐ/ஓ ஷெட்யூலர் மாட்யூலை ஏற்றச் சொல்லி மோட்புரோபை எழுப்பிவிட்டு, அது முடியக் காத்திருந்தது. மாட்யூல் ஏற்றும் நிரலின் கடைசியில் ஒரு பழைய விதி இருந்தது: பின்னணியில் ஓடும் எல்லாப் பணிகளும் முடிந்த பிறகுதான் திரும்ப வேண்டும். அந்த 'எல்லா'வுக்குள் தன்னை எழுப்பிவிட்டவரும் அடக்கம். ஒவ்வொரு விதியும் தனியாகப் பார்த்தால் நியாயமானதுதான். டெஜுன் ஹியோ செய்த திருத்தம் விதியைத் துல்லியமாக்கியது: ஏறும் மாட்யூல் தானே பின்னணிப் பணி எதையாவது தொடங்கியிருந்தால் மட்டும் காத்திருக்கட்டும். எந்தப் பூட்டும் கூடவில்லை, குறையவில்லை. 'யாருக்காகக் காத்திருக்கிறோம்' என்ற கேள்விக்கு அதுவரை 'எல்லோருக்கும்' என்று பொத்தாம்பொதுவாக இருந்த பதில் திருத்தி எழுதப்பட்டது.

வரலாறு விட்டுச்சென்ற பழக்கம்

லினக்ஸ் 1996இல் 2.0 பதிப்பில் பல சிபியுக்களை ஆதரிக்கத் தொடங்கியபோது, கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரும்பூட்டு இருந்தது. பிகேஎல் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தப் பூட்டுக்கு இரண்டு விசித்திர குணங்கள். வைத்திருப்பவரே மறுபடி எடுக்கலாம். எத்தனை முறை எடுத்தார் என்று ஓர் எண்ணிக்கை மட்டும் ஏறும். வைத்திருப்பவர் தூங்கப்போனால் பூட்டு தானாகவே விடுபடும். எழுந்ததும் திரும்பக் கைக்கு வரும். இந்த இரண்டு குணங்களும் தன்னையே பூட்டிக்கொள்ளும் பிழையை மன்னித்துவிட்டன. அதனால் 'என்னை அழைப்பவர் பூட்டோடு வருகிறாரா' என்று கேட்கும் அவசியமே டிரைவர் எழுதுகிறவர்களுக்கு ஏற்படவில்லை.

ஒற்றை சிபியு இயந்திரங்களும் இந்தப் பழக்கத்துக்கு உரமிட்டன. ஒற்றை சிபியுவுக்கென்று, ப்ரீஎம்ப்ஷனும் டீபக் வசதியும் இல்லாமல் கம்பைல் செய்த கெர்னலில் சாதாரண ஸ்பின்லாக் வெறும் பெயர்தான்; கம்பைல் ஆனபின் அங்கே எதுவும் மிஞ்சாது. ஒரே ஸ்பின்லாக்கை இருமுறை எடுக்கும் டிரைவர் அதில் ஆண்டுக்கணக்கில் சிக்கலின்றி ஓடும். இரண்டு சிபியு உள்ள பெட்டியில் ஏற்றிய அன்றே உறையும்.

பெரும்பூட்டை முழுதாக அகற்ற 2011 மே மாதம் வெளிவந்த 2.6.39 வரை ஆயிற்று. கடைசிக் கட்டப் பணியை ஆர்ண்ட் பெர்க்மன் முன்னின்று நடத்தினார். ஏன் இவ்வளவு காலம்? அதன் இடத்தில் சாதாரண மியூடெக்ஸை வைத்த மாத்திரத்தில், அதுவரை மன்னிக்கப்பட்ட மறுநுழைவுகள் டெட்லாக்காக வெளிப்படக் கூடும். எங்கெங்கே தன் பூட்டைத் தானே மறுபடி கேட்கிறது என்று ஒவ்வொரு இடமாகத் தேட வேண்டியிருந்தது. ரெய்சர்எஃப்எஸ் கோப்பு முறைமைக்கு அந்தத் தேடலே கட்டுப்படியாகாமல், மறுபடி எடுக்க அனுமதிக்கும் தனிப் பூட்டு ஒன்றைச் செய்துதர வேண்டியதாயிற்று. சொல்லாமல் விட்ட ஒப்பந்தத்துக்கு வட்டியோடு கட்டிய விலை அது.

ஒரு பிழை, ஐந்து திருத்தங்கள்

சாதனத்துக்குக் கட்டளை அனுப்பும் ஒரு ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். அது மியூடெக்ஸை எடுக்கிறது, கட்டளையை எழுதுகிறது, பதிலுக்குக் காத்திருக்கிறது. பதில் வராவிட்டால் ரீசெட் ஃபங்ஷனை அழைக்கிறது. ரீசெட்டைப் பயனரும் ஐஆக்டில் வழியே நேரடியாகக் கேட்கலாம் என்பதால் அதுவும் அதே மியூடெக்ஸை எடுக்கிறது. சாதனம் ஒழுங்காகப் பதில் சொல்லும்வரை எந்தத் தொல்லையும் இல்லை. கேபிள் தளர்ந்து பதில் வராமல் போகும் நாளில், சாதனத்தை மீட்க வேண்டிய நிரலே கெர்னலைக் கட்டிப்போடுகிறது.

இதைத் திருத்த வருகிறவருக்கு முதலில் தோன்றுவது, ரீசெட்டை அழைக்கும் முன் பூட்டை விட்டுவிட்டு, முடிந்ததும் மறுபடி எடுப்பது. டெட்லாக் போய்விடும். ஆனால் விட்டதற்கும் எடுத்ததற்கும் இடையே இன்னொரு த்ரெட் நுழைந்து, பாதிக் கட்டளையோடு நிற்கும் சாதனத்துக்குப் புதுக் கட்டளை அனுப்பலாம். உறைந்து நின்றால் கண்ணுக்காவது தெரியும். தரவு சிதைந்தால் தெரியவும் தெரியாது.

இரண்டாவது யோசனை, பூட்டு கிடைத்தால் எடு, கிடைக்காவிட்டால் மேலே போ என்ற டிரைலாக். பூட்டை வைத்திருப்பது நான்தானா வேறொருவரா என்பதை டிரைலாக் சொல்லாது. வேறொருவர் வைத்திருக்கும்போது ரீசெட்டைத் தவிர்த்துவிட்டு வெற்றி என்று திரும்பும் நிரல் இதில் உருவாகிவிடும்.

மூன்றாவது, மறுபடி எடுக்க அனுமதிக்கும் பூட்டு. விண்டோஸ் கெர்னலின் மியூடெக்ஸில் இது உண்டு. ஃப்ரீபிஎஸ்டியில் பூட்டை உருவாக்கும்போதே கேட்டு வாங்கலாம். 2006இல் 2.6.16 பதிப்பில் இங்கோ மோல்னார் கொண்டுவந்த லினக்ஸ் மியூடெக்ஸில் இதற்கு இடமே வைக்கப்படவில்லை. அந்த முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன். பூட்டை எடுத்ததும் உள்ளே இருக்கும் தரவு ஒழுங்கான நிலையில் இருக்கும் என்று நம்பித்தான் ஒவ்வொரு ஃபங்ஷனும் எழுதப்படுகிறது. பாதி வேலையில் இருக்கும் ஒருவர் மறுபடி உள்ளே வரும்போது அந்த நம்பிக்கை பொய்யாகிறது. பூட்டு கிடைத்துவிட்டதால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

நான்காவது, ரீசெட் வேலையை வொர்க்க்யூவில் போட்டுவிட்டுத் திரும்புவது. இன்டரப்டிலிருந்து வரும் ரீசெட்டுக்கு இதுவே இயல்பான வழி. ஆனால் இதற்கு ஒரு கடன் உண்டு. டிரைவரை அகற்றும்போது நிலுவையில் இருக்கும் வேலையை 'சிங்க்' முறையில் ரத்து செய்ய வேண்டும். அந்த நேரத்தில் மியூடெக்ஸைக் கையில் வைத்திருக்கக் கூடாது. மறந்தால் முதல் வகை டெட்லாக் மூன்றாம் வகையாக மாறி வந்து நிற்கும்.

ஐந்தாவது வழி எளியது. கெர்னல் நிரலில் காலங்காலமாக நிலைத்து நிற்பதும் அதுதான். ரீசெட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டும். உள் ஃபங்ஷன் பூட்டைத் தொடாது. பூட்டு அழைப்பவர் கையில் இருக்கிறது என்று கொண்டு வேலையை மட்டும் செய்யும். வெளி ஃபங்ஷன் பூட்டை எடுத்து, உள் ஃபங்ஷனை அழைத்து, பூட்டை விடும். ஐஆக்டில் வெளி ஃபங்ஷனை அழைக்கட்டும். கட்டளை ஃபங்ஷன் உள் ஃபங்ஷனை அழைக்கட்டும். உள் ஃபங்ஷனின் பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு இடுவதோ, பின்னால் 'லாக்டு' என்று சேர்ப்பதோ வழக்கம். அதன் முதல் வரியில், பின்னால் பார்க்கப்போகும் லாக்டெப் கருவிக்காக 'லாக்டெப் அசர்ட் ஹெல்டு' என்று எழுதினால் ஒப்பந்தத்தை இயந்திரமே சரிபார்க்கும். பூட்டில்லாமல் யாராவது உள்ளே வந்தால் சோதனைக் கெர்னல் அன்றே எச்சரிக்கும். கமெண்ட் காலப்போக்கில் பொய்யாகலாம். இந்த வரி பொய்யாக முடியாது.

கண்டுபிடிக்கும் கருவிகள்

உறைந்தபின் பார்ப்பதற்கு உதவுபவை சில. தூங்கிக் கிடக்கும் பணியை 120 விநாடி எச்சரிக்கை காட்டும். மேஜிக் சிஸ்ஆர்க்யூ விசையோடு 'டபிள்யூ' அழுத்தினால் தடைபட்ட பணிகளின் டிரேஸ் முழுவதும் லாகில் கொட்டும். இன்டரப்டை நிறுத்திவிட்டுச் சுழலும் சிபியுவை இயல்பாக 10 விநாடியில் வாட்ச்டாக் பிடிக்கும்.

உறையாமலே பிழையைச் சொல்வதுதான் பெரிய முன்னேற்றம். இங்கோ மோல்னாரும் அர்யன் வான் டெ வெனும் உருவாக்கிய லாக்டெப் 2006இல் 2.6.18 பதிப்பில் சேர்ந்தது. எந்தப் பூட்டை வைத்துக்கொண்டு எந்தப் பூட்டு எடுக்கப்பட்டது, எது இன்டரப்டுக்குள் எடுக்கப்பட்டது என்று ஒவ்வொரு பூட்டு வகுப்புக்கும் அது கணக்கு வைக்கும். ஒரு பூட்டு ஒருமுறை இன்டரப்ட் ஹேண்ட்லரிலும், இன்னொருமுறை இன்டரப்ட் திறந்திருக்கும் நிலையிலும் எடுக்கப்பட்டதைக் கண்டால் போதும். இரண்டும் மோதும் அந்த அபூர்வ கணத்துக்குக் காத்திராமல் அப்போதே எச்சரிக்கும். 2007இல் ஜோஹன்னஸ் பெர்க் வொர்க்க்யூக்களையும் இந்தக் கணக்கில் கொண்டுவந்தார். அதன் பிறகு மூன்றாம் வகையில் ஒரு பகுதியும் பிடிபட்டது. விண்டோஸில் டிரைவர் வெரிஃபையரும் ஃப்ரீபிஎஸ்டியில் விட்னஸும் இதே பணியைச் செய்கின்றன. தன்னைத் தானே பூட்டிக்கொள்வதற்கென்றே டிரைவர் வெரிஃபையரில் தனிக் குறியெண் ஒதுக்கியிருக்கிறார்கள்.

லாக்டெப்பின் எல்லைகளையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஓடாத பாதையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. முதல் எச்சரிக்கையோடு அது தன்னை நிறுத்திக்கொள்ளும்; வேறொரு டிரைவரின் பழைய எச்சரிக்கை காலையிலேயே விழுந்திருந்தால் அன்று முழுவதும் நம் டிரைவருக்குக் காவல் கிடையாது. சாதனங்கள் மரம்போல் அடுக்கப்பட்டவை என்பதால் டிரைவர் கோர் தன் சாதன மியூடெக்ஸை லாக்டெப் கண்காணிப்பிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. பூட்டல்லாத காத்திருப்புகளையும் கணக்கில் எடுக்க 2017இல் ஒரு விரிவாக்கம் சேர்க்கப்பட்டது. பொய் எச்சரிக்கைகளால் அது அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே நீக்கப்பட்டது.

ஆகவே லாக்டெப்போடு இன்னொன்றும் சேர வேண்டும்: பிழைப்பாதைகளை வலிந்து ஓடவைப்பது. நினைவகம் கிடைக்காதது போலவும் ஐ/ஓ தோற்றது போலவும் நடிக்கவைக்கும் ஃபால்ட் இன்ஜெக்ஷன் வசதி கெர்னலிலேயே இருக்கிறது. மேலே பார்த்த ரீசெட் பிழை, பதில் வராததைச் சோதனை மேசையில் ஒருமுறை நடிக்கவைத்திருந்தால் அங்கேயே சிக்கியிருக்கும். ஓட்டாமலே நிரலைப் படித்து இரட்டைப் பூட்டைத் தேட, ஜூலியா லாவால் குழுவினரின் காக்சினெல்லும் டான் கார்பென்டரின் ஸ்மாட்சும் இருக்கின்றன.

மொழி தீர்த்துவைக்குமா?

2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பு முதல் லினக்ஸ் கெர்னலில் ரஸ்ட் மொழிக்கு இடம் கிடைத்தது. சி மொழியிலும் 2023இல் பீட்டர் சைல்ஸ்ட்ரா 'கார்டு' முறையைக் கொண்டுவந்தார். இரண்டிலும், பூட்டை எடுத்த பகுதி முடிந்ததும் பூட்டு தானே விடுபடும். விட மறந்ததால் வரும் டெட்லாக் ஏறக்குறைய ஒழிந்தது. இது பெரிய நன்மை. ஆனால் ஒரே மியூடெக்ஸை இருமுறை எடுக்கும் ரஸ்ட் நிரல் மறுப்பின்றி கம்பைல் ஆகும். நினைவகப் பாதுகாப்பு ரஸ்ட் தரும் வாக்குறுதி. டெட்லாக் வராது என்று அது எங்கும் சொல்லவில்லை. 'கார்டு' முறையில் ஒரு புது எச்சரிக்கையும் தேவை. பூட்டு பகுதியின் கடைசி வரைக்கும் நீள்வதால், அங்கே எழுதிய 'சிங்க்' ரத்தும் பூட்டுக்குள்ளேயே ஓடும்.

கருவிகளும் மொழிகளும் ஒப்பந்தத்தைச் சரிபார்க்கும். அதை எழுதித் தருவது டிரைவர் எழுதுகிறவரின் பொறுப்பு. ஆகவே இந்த வகைப் பிழைக்கு ஒரு பேட்ச் வந்தால், ஏற்கும் முன் மூன்று கேள்விகளுக்கு அதில் விடை தேட வேண்டும். எந்த அழைப்புப் பாதையில் பூட்டு இரண்டாம் முறை கேட்கப்பட்டது என்பதை டிரேஸோடு சொல்கிறதா? திருத்தத்துக்குப் பின் எந்த ஃபங்ஷன் பூட்டோடு அழைக்கப்பட வேண்டும், எது பூட்டில்லாமல் அழைக்கப்பட வேண்டும் என்பது பெயரிலோ அசர்ட்டிலோ தெரிகிறதா? அந்தப் பிழைப்பாதையை லாக்டெப் ஓடும் கெர்னலில் ஒருமுறையாவது நடத்திப் பார்த்தார்களா? மூன்றுக்கும் விடை தரும் பேட்ச், நாளை இந்த டிரைவரைத் தொடப்போகும் முன்பின் தெரியாத ஒருவரையும் காப்பாற்றும். பூட்டு வரியை மட்டும் நகர்த்திவிட்டு 'ஹேங் சரியானது' என்று வரும் பேட்ச்சைத் திருப்பி அனுப்புவதே அந்தச் சாதனத்தை நம்பியிருப்பவர்களுக்குச் செய்யும் நியாயம்.